கண்ணிலிருந்து செவிக்கு: ரேணிகுண்டா வழியாக வாசிப்புக் குறைபாட்டின் வரலாறு

சென்னையிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் ரேணிகுண்டா சந்திப்பு இருக்கிறது. திருப்பதிக்குச் செல்லும் தமிழர் பலருக்கு அது வண்டி மாறும் இடம். அவ்வூரின் பெயரை நாம் தமிழில் எழுதும் முறையும் தெலுங்கர் ஒலிக்கும் முறையும் ஒன்றல்ல. தெலுங்கில் அப்பெயரின் ஈற்றசையில் உள்ள டகரம் ஒலிப்பிலா ஒலி, அதாவது ‘பட்டு’ என்பதில் நாம் கேட்கும் டகரத்தை ஒத்தது. அச்சொல்லுக்குக் குட்டை, பள்ளம் என்று பொருள். தமிழிலோ ணகர மெய்யை அடுத்து வரும் டகரம் எப்போதும் ஒலிப்புடை ஒலியாகிவிடும். ‘வண்டி’, ‘கண்டு’ என்று சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே ‘ரேணிகுண்டா’ என்று எழுதியதும் தமிழ் நாக்கு தன் இலக்கணப்படி அவ்வொலியை மாற்றிவிடுகிறது. தெலுங்கில் இந்த மாற்றம் பொருளையே மாற்றக்கூடியது. குட்டையைக் குறிக்கும் சொல்லும் மண்பானையைக் குறிக்கும் சொல்லும் இந்த ஓர் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. அவ்விரண்டையும் தமிழ் எழுத்தில் வேறுபடுத்தி எழுதிக்காட்ட எனக்கு வழியில்லை. இரண்டையும் ‘குண்ட’ என்றுதான் எழுத முடியும்.

இப்போது ஒரு சிறுமியை எண்ணிக்கொள்வோம். வீட்டில் தமிழ் பேசுகிறாள், பள்ளியில் தெலுங்கில் எழுதக் கற்கிறாள், ஆங்கிலமும் படிக்கிறாள். சொல்வதெழுதுதலில் அந்த ஒலிப்பிலா எழுத்துக்குப் பதிலாக ஒலிப்புடை எழுத்தை எழுதுகிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். பிழைகள் பெருகினால் அவளுக்கு ‘டிஸ்லெக்சியா’ இருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியவர் யார்? கண் மருத்துவரா, உளவியலாளரா, ஆசிரியரா, பேச்சுப் பயிற்சியாளரா? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றையே இப்பதிவில் சுருக்கமாகத் தொகுக்க முயல்கிறேன்.

முதல் விடை கண் என்பது. 1877இல் செருமானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், மூளைப் பாதிப்புக்குப் பின் வாசிக்கும் ஆற்றலை மட்டும் இழந்தவர்களின் நிலையைச் ‘சொற்குருடு’ என்று பெயரிட்டு விளக்கினார். 1887இல் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை வழங்கினார். இவை வளர்ந்தவர்களைப் பற்றியவை. பிறவியிலேயே அமைந்த குறைபாடாக இதனை முதலில் எழுதியவர் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன். 1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் பெர்சியைப் பற்றி அவர் எழுதினார். அச்சிறுவன் கூரிய அறிவுள்ளவன், கணக்கில் இடரில்லாதவன். ஆயினும் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனே என்று அவனது ஆசிரியர் கருதியதாக மார்கன் குறிப்பிடுகிறார். அந்த ஆசிரியரின் கூற்றில், சிறுவனின் செவியும் வாயும் நன்றாக இருக்கின்றன, கண்வழி வருவதில்தான் தடை என்ற முடிவு உள்ளடங்கியிருந்தது. கிளாஸ்கோவின் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட்டும் இவ்வழியே சென்று 1917இல் ‘பிறவிச் சொற்குருடு’ பற்றித் தனிநூல் எழுதினார். வாசிக்க இயலாத குழந்தையை முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் இன்றைய பெற்றோரின் வழக்கத்தில் இந்த வரலாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. பார்வையைச் சோதிப்பது வேண்டியதே. ஆனால் பெரும்பாலும் விடை அங்கே இருப்பதில்லை.

இரண்டாம் கட்டம் அமெரிக்காவின் அயோவாவில் தொடங்கியது. 1925இல் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் வாசிக்க இயலாத சிறுவர்களை ஆராய்ந்து தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். எழுத்துகளை இடவலம் மாற்றிக் காண்பதற்கு மூளையின் இரு பாதிகளுக்கிடையே ஆதிக்கம் உறுதிப்படாமையே காரணம் என்பது அவர் கருத்து. அக்கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் பேச்சுப் பயிற்சித் துறையின் வரலாற்றில் அயோவாவுக்குத் தனி இடம் உண்டு. பேச்சுக் குறைபாட்டியலில் அமெரிக்காவின் முதல் முனைவர் எனப்படும் லீ எட்வர்ட் டிராவிஸ் 1924இல் அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். திக்குவாய்க்கும் மூளைப் பாதிகளின் ஆதிக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய கொள்கை இன்றும் ஆர்ட்டன், டிராவிஸ் இருவர் பெயராலும் வழங்குகிறது. 1937இல் ஆர்ட்டன் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே குழந்தைகளின் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. வாசிப்புக் குறைபாட்டு ஆய்வும் பேச்சுப் பயிற்சியும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். பிற்காலத்தில்தான் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தன. ஆர்ட்டனுடன் பணியாற்றிய ஆனா கில்லிங்கம், பெஸ்ஸி ஸ்டில்மன் ஆகியோர் உருவாக்கிய முறை, எழுத்தைப் பார்த்தல், ஒலியைக் கேட்டல், வாயால் சொல்லல், கையால் எழுதுதல் ஆகியவற்றை ஒரே நேரத்தில் இணைத்தது.

இதைப் படிக்கும் தமிழருக்கு மணலில் எழுதிய திண்ணைப்பள்ளி நினைவுக்கு வரும். 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதியதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். அதுவே ‘சென்னை முறை’ எனப் புகழ்பெற்றது. பெல்லிடமிருந்து கில்லிங்கத்துக்கு நேர்வழி மரபு இருந்தது என்று நான் வாதிடவில்லை. திண்ணைப்பள்ளி வாசிப்புக் குறைபாட்டைத் தீர்த்துவிட்டது என்றும் சொல்லவில்லை. அங்கே தேங்கிய பிள்ளைகளுக்குப் பிரம்படியே கிடைத்திருக்கும். ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் வரைவது நம் நிலத்துக்கு அயலான முறை அன்று என்பதே நான் சுட்ட விரும்புவது.

மூன்றாம் கட்டத்தில்தான் விடை செவிப்புலத்துக்கு, சரியாகச் சொன்னால் மொழிக்கு, வந்து சேர்ந்தது. 1970களில் ஃபிராங்க் வெல்லுட்டினோவும் அவர் குழுவினரும், எபிரேயம் அறியாத சிறுவர்களிடம் எபிரேயச் சொற்களைக் காட்டி நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களும் மற்றவர்களைப் போலவே வரைந்தார்கள். கண்ணில்தான் குறை என்றால் அயல் எழுத்திலும் அது தெரிந்திருக்க வேண்டுமே! அதே காலத்தில், 1974இல், இசபெல் லிபர்மனும் உடனாய்வாளர்களும் சிறு குழந்தைகளிடம் சொற்களைக் கூறி, அவற்றில் எத்தனை அசைகள் அல்லது எத்தனை ஒலிகள் உள்ளன என்று மேசையில் தட்டச் செய்தனர். நான்கு வயதினருள் ஏறக்குறைய பாதிப் பேர் அசையைப் பிரித்தனர். ஒலியனைப் பிரிக்க ஒருவராலும் இயலவில்லை. முதல் வகுப்பின் முடிவில் 90 விழுக்காட்டினர் அசையையும் 70 விழுக்காட்டினர் ஒலியனையும் பிரித்தனர். 1983இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும், ஒலிகளை வகைப்படுத்தும் பயிற்சி வாசிப்பை வளர்க்கிறது என்று காட்டினர்.

வாசிப்பின் வேர் பேச்சொலியை உணர்வதில் இருக்கிறது என்பது இவ்வாறு நிலைபெற்றது. பேச்சொலி யாருடைய துறையோ அவர் அறைக்குள் வர வேண்டியதாயிற்று. 2001இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம், வாசிப்பிலும் எழுத்திலும் பேச்சுப் பயிற்சியாளருக்குப் பொறுப்பு உண்டு என்று நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. அயோவாவில் ஒன்றாயிருந்தவை முக்கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் கைகோத்தன.

ஆனால் இந்த வரலாறு முழுவதும் ஆங்கிலம் போன்ற அகரவரிசை எழுத்துகளை மையமாகக் கொண்டது. நம் எழுத்துகளுக்கு அது அப்படியே பொருந்துமா? இவ்வினாவை முதலில் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் பேச்சு, மொழித் துறை அறிஞரான பிரதிபா காரந்த். 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனத்தின் மரபில் வந்தவர் அவர். 1993இல் அவரும் பிரகாஷ் முதலியோரும் வெளியிட்ட ஆய்வு, இந்திய எழுத்துகளில் நன்கு வாசிக்கும் குழந்தைகள்கூட ஒலியனைப் பிரிக்கும் சோதனைகளில் திணறுவதைக் காட்டியது. ஒலியன் உணர்வு வாசிப்புக்கு முன்தேவை என்ற கொள்கை அகரவரிசை எழுத்துகளின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாவதாக இருக்கலாம் என்ற ஐயத்தை அது விதைத்தது. இதற்கு முன்பே, 1979இல், எழுதப் படிக்கத் தெரியாத போர்ச்சுகீசியப் பெரியவர்களால் சொல்லின் முதல் ஒலியை நீக்கவோ சேர்க்கவோ இயலவில்லை என்று ஜோசே மொராய்ஸ் குழுவினர் கண்டிருந்தனர். அதாவது ஒலியன் உணர்வு வாசிப்புக்குக் காரணமாவது போலவே வாசிப்பின் விளைவாகவும் இருக்கிறது. பின்னர் 2007இல் சோனாலி நாக், கன்னடக் குழந்தைகள் எழுத்துகள் முழுவதையும் கைவரப்பெற முதல் சில வகுப்புகளையும் கடந்து காலம் ஆகிறது என்றும், அசையுணர்வு முந்த ஒலியன் உணர்வு மெல்ல வருகிறது என்றும் காட்டினார்.

இதன் காரணம் நம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘கா’ என்பது கண்ணுக்கு ஒன்று, ஒலியில் இரண்டு. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்துகளைக் கற்று, அவை ஒலிக்கும் ஒழுங்கின்மையோடு போராடுகிறது. தமிழ்க் குழந்தைக்கு 247 எழுத்துகள். ஆனால் பெரும்பாலும் ஒழுங்கான உறவு. தெலுங்குக் குழந்தைக்குக் குணிந்தம் எனப்படும் உயிர்மெய் வரிசையோடு, மெய்யின் அடியில் இன்னொரு மெய்யை இணைத்து எழுதும் ஒத்துகளும் சேர்கின்றன. ஆகவே குறைபாட்டின் முகமும் மாறும். ஆங்கிலத்தில் அது பெருமளவு பிழையாக வெளிப்படும். ஒழுங்கான எழுத்துகளில் பிழை குறைந்து, வேகக் குறைவு மிஞ்சும். ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளை பிழையின்றி வாசிக்கிறது என்பதால் குறைபாடு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். எழுத்துச் சீர்மையும் இங்கு நினைக்கத்தக்கது. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனிவடிவங்களை நீக்கி ஒழுங்குபடுத்தியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்றே அது பேசப்பட்டது. திணறி வாசிக்கும் குழந்தைக்கு விதிவிலக்குகள் 13 குறைந்தன என்று எவரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. இருந்தும் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்பதும், ‘கொ’வில் இருபுறமும் சூழ்வதும், ஒலியின் வரிசையும் கண்ணின் வரிசையும் முரண்படும் இடங்களாக நீடிக்கின்றன.

மொழியியல் மாணவனாக எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. உயிர், மெய், உயிர்மெய் என்ற பாகுபாடே ஒலியன் பகுப்பாய்வுதான். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. எந்த ஒலி நாவும் அண்ணமும் இதழும் எவ்வாறு பொருந்தப் பிறக்கிறது என்பதே அதன் பொருள். க, ச, ட, த, ப என்ற வல்லின வரிசை தொண்டைப் பக்கமிருந்து இதழை நோக்கி வரும் ஒலிப்பிடங்களின் வரிசை. பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன் குழந்தையை அமர்த்தி வாயின் அசைவைக் காட்டும்போது, நம் அரிச்சுவடி ஏற்கெனவே வரைந்துவைத்த படத்தைத்தான் விளக்குகிறார். அந்த அறிவு இலக்கண வகுப்பில் மனப்பாடமாக உறங்குகிறது. வாசிக்கத் திணறும் குழந்தையிடம் போய்ச் சேர்வதில்லை.

மீண்டும் ரேணிகுண்டாவுக்கு வருவோம். இந்த நிலத்தின் இருமொழித்தன்மை எல்லைக்கோடுகளுக்கு மூத்தது. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது ரேணிகுண்டா அதன் பகுதியாயிற்று. கோடுகள் நகர்ந்தன, கோட்டின் இருபுறமும் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வளரும் குழந்தைகள் தொடர்ந்து இருந்தார்கள். கற்பித்தல் அறிவு இந்த எல்லையைக் கடந்த சான்றும் உண்டு. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி வேலி, கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய கற்றல் ஏணி முறையே, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் தமிழகம் முழுவதிலும் செயல்வழிக் கற்றலாயிற்று. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறலாம் என்பது அதன் அடிப்படை. ஏணியில் ஒரே படியில் நெடுநாள் நிற்கும் குழந்தை ஏன் நிற்கிறது என்று கண்டறிய வேறு கண்கள், வேறு செவிகள் வேண்டும்.

அங்கேதான் பேச்சுப் பயிற்சியாளர் வருகிறார். நம் சிறுமியிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது, இப்பிழைகளுக்கு இலக்கணம் இருக்கிறதா என்பது. ணகரத்தின் பின் ஒலிப்புடை எழுத்தை எழுதுவதும், மூச்சொலி எழுத்துகளை மூச்சற்ற எழுத்துகளாக எழுதுவதும் தமிழ் ஒலியமைப்பு விதித்த பிழைகள். அவை ஒழுங்கானவை, முன்கூட்டியே கணிக்கத்தக்கவை, தெலுங்கில் மட்டும் தோன்றுபவை. தெருவில் தெலுங்கு கேட்டு வளர்ந்த குழந்தையிடம் அவை குறையும், பயிற்சியால் மறையும். அவற்றைக் குறைபாடு என்பது தமிழ் பேசுவதையே நோய் என்பதற்கு ஒப்பாகும். மாறாக, எந்த விதிக்கும் கட்டுப்படாமல் உயிர்க்குறிகள் விடுபடுதல், பழகிய சொல்லையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டி வாசித்தல், பொருளற்ற நீண்ட சொல்லைக் கேட்டுத் திரும்பச் சொல்ல இயலாமை, கண்முன் உள்ள நிறங்களையும் பொருள்களையும் விரைந்து பெயர் சொல்லத் தடுமாறுதல் ஆகியவை இரு மொழிகளிலும் தென்பட்டால், அது வேறு செய்தி.

இதில் ஒரு முடிச்சு உண்டு. எல்லைப்புறக் குழந்தைகளுள் பலர் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்தை எவரும் கற்பித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் தமிழ் வாசிப்புச் சோதனை நடத்தவே முடியாது. அப்போது வீட்டுமொழியில் சோதிக்கத் தக்கது பேச்சு ஒன்றே. ‘மரம்’ என்பதில் முதல் அசையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும், ‘கல்’லும் ‘கால்’லும் எங்கே வேறுபடுகின்றன, கேட்ட கதையை வரிசையாகத் திரும்பச் சொல்ல முடிகிறதா என்று காகிதமின்றியே சோதிக்கலாம். எழுத்தறியாத மொழியிலும் மொழித்திறனை அளக்கும் பயிற்சி பெற்றவர் பேச்சுப் பயிற்சியாளரே. ஆகவே எல்லைப்புறத்தில் அவர் பணி துணைப்பணி அன்று. குறைபாட்டையும் மொழிவேற்றுமையையும் பிரித்தறியும் முதற்பணி.

பயிற்சியும் அங்கிருந்தே தொடங்கும். முதலில் அசை, பின்பு அசைக்குள் உயிரும் மெய்யும், பின்பு அவற்றுக்குரிய வடிவம். ‘படம்’, ‘பாடம்’ என்று குறில் நெடில் இணைகளைக் கைதட்டி அளத்தல். ல, ள, ழ மூன்றையும் நாவின் இடத்தால் உணர்த்துதல். தெலுங்கின் ஒலிப்புடை, ஒலிப்பிலா ஒலிகளைத் தொண்டையில் விரல் வைத்து அதிர்வால் அறியச் செய்தல். சொன்ன ஒலியை உடனே எழுதவைத்தல். சொல்வளமும் தொடரறிவும் உடன் வளர வேண்டும். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருகி வரும் பயன் என்று 1986இல் கஃப், டன்மர் இருவரும் சுருங்கச் சொன்னார்கள். ஒன்று சுழியமானால் பெருக்கற்பயனும் சுழியமே.

சட்டம் இதை எங்கே வைத்திருக்கிறது? 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளரை மறுவாழ்வு வல்லுநராக ஏற்றது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. சென்னையில் 1991இல் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் அந்த வெற்றிடத்தில்தான் பல்லாண்டுகள் உழைத்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்று, பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாள்வதில் உள்ள குறை என்றே அதனை வரையறுத்தது. வரையறை மொழியைச் சொல்கிறது. ஆனால் 2018இல் வந்த மதிப்பீட்டு நெறிமுறைகளில் நடுநாயகமாக இருப்பவர்கள் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும். தொடக்கப்புள்ளி மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது. பேச்சுமொழிச் சோதனைகளோ ஐந்து வயதிலேயே இடரின் அறிகுறிகளைக் காட்டவல்லவை. கருவிகளின் நிலையும் அவ்வாறே. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் 2015இல் வெளியிட்ட ‘டாலி’ மதிப்பீட்டுக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. ரேணிகுண்டாவின் இரு மொழிகளும் அந்த முதல் நான்கில் இல்லை.

இதில் மொழியியல் துறைகளுக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறேன். எந்தப் பிழை தமிழின் விதி, எந்தப் பிழை குழந்தையின் இடர் என்று பிரிக்கும் பட்டியலைப் பயிற்சியாளரின் கையில் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. இருமொழி ஒலியியல் ஒப்பீடு என்ற பெயரில் நம் துறைகள் பல்லாண்டுகளாக எழுதிக் குவித்த ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் ஒரு வகுப்பறைக்குப் போய், சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட ஓர் எழுத்தின் காரணத்தை ஓர் ஆசிரியருக்கு விளக்கினால், அந்தச் சிறுமி எதை எழுதினாள் என்பதற்கு முன் எதைக் கேட்டாள் என்று அவர் கேட்கத் தொடங்குவார்.